ஸ்பிரிண்ட் ஓடுகிறது, வேலை நிற்கிறது: வாசகர் கேள்வி-பதில்

பெரிய பன்னாட்டு நிறுவனங்களில், சாஃப்ட்வேர் வேலையைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகச் செய்யும் அஜைல், வீணாவதைக் குறைக்கும் லீன் என்ற முறைகளுக்கு மாறியவர்கள், மாறிக்கொண்டிருப்பவர்கள், மாறிவிட்டதாக அறிவிக்கப்பட்டவர்கள் எல்லோரும் எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி கேள்வி, பாதி புலம்பல். புலம்பலையும் கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன். ஆள் பெயர், அலுவலகப் பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன், யார் வேலைக்கும் ஆபத்து வரவேண்டாம்.

கேள்வி: சார், எங்கள் நிறுவனத்தில் பல ஆயிரம் பேர். இரண்டு வருடமாக அஜைல். தினமும் ஸ்டாண்ட்-அப் (குறுங்கூட்டம்), இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட் (ஒரு சுற்று வேலை), முடிந்ததும் ரெட்ரோ (எது சரியாக நடந்தது, எது இல்லை என்று பேசுவது), எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் கேட்கிற ஒரு சின்ன மாற்றம் அவர் கைக்குப் போக ஐந்து மாதம் ஆகிறது. முன்பும் ஐந்து மாதம்தான். எங்கே தப்பு?
(டீம் லீட், பெயர் வேண்டாம்)

பதில்: உங்கள் குழுவுக்குள் தேடாதீர்கள், அங்கே அனேகமாகக் கிடைக்காது. ஒரு காரியம் செய்யுங்கள். போன மாதம் ரிலீஸான ஏதாவது ஒரு சின்ன மாற்றத்தை எடுத்துக்கொண்டு, அதை முதலில் யார் கேட்டார், எந்தத் தேதியில் டிக்கெட் (பதிவான வேலைக் கோரிக்கை) ஆனது, யார் எப்போது கை வைத்தார், எப்போது கையை எடுத்தார், அடுத்தவர் எப்போது கை வைத்தார் என்று தேதி தேதியாக ஒரு தாளில் எழுதுங்கள். லீன்காரர்கள் இதை வேல்யூ ஸ்ட்ரீம் மேப் என்பார்கள். பெயர்தான் பெரிது, அரை நாள் வேலை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் இதைச் செய்தோம். ஒரு அறிக்கையில் கூடுதலாக ஒரு தகவல் தெரியவேண்டும், மாற்றம் அவ்வளவுதான். கேட்ட நாளிலிருந்து வெளியே போன நாள்வரை ஏறத்தாழ நான்கு மாதம். அதில் யாராவது ஒருவர் உண்மையிலேயே உட்கார்ந்து வேலை பார்த்த நேரத்தைக் கூட்டினால் ஒரு வாரம்கூட வரவில்லை. மீதியெல்லாம் காத்திருப்பு. டிசைனைப் பார்த்து ஒப்புதல் தரும் குழு மாதம் இரண்டு முறைதான் கூடும், முதல் முறை நேரமில்லை என்று எங்களுடையது தள்ளிப்போனது. டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசை (column) சேர்க்க வேறொரு நாட்டில் இருக்கிற குழுவுக்கு டிக்கெட் போட்டோம், அவர்கள் வரிசையில் நாங்கள் எத்தனையாவது என்று அவர்களுக்கே தெரியாது. டெஸ்டிங் சர்வர் இன்னொரு ப்ராஜெக்ட் கையில் இருந்தது. எல்லாம் முடிந்தபிறகு காலாண்டு ரிலீஸுக்காக ஒரு மாதத்துக்கு மேல் சும்மாவே கிடந்தது. ஸ்பிரிண்ட், ஸ்டாண்ட்-அப் எல்லாம் வைத்து நடக்கும் ஸ்க்ரம் என்ற அஜைல் முறையை நாங்கள் எவ்வளவு அழகாகச் செய்தாலும் அந்த ஒரு வாரத்தை நான்கு நாளாக்கியிருப்போம், வாடிக்கையாளருக்கு அது தெரிந்தே இருக்காது.

இரண்டாவது, கையில் எத்தனை வேலை திறந்து கிடக்கிறது என்று எண்ணுங்கள். ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த ஒரு கணக்கு இருக்கிறது, லிட்டில் விதி என்பார்கள். நிலையாக ஓடுகிற எந்த அமைப்பிலும், உள்ளே இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை வாரத்துக்கு முடிகிற எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு வேலைக்கு சராசரியாக எத்தனை வாரம் ஆகிறது என்று வந்துவிடும். உங்கள் குழு வாரம் 5 டிக்கெட் முடிக்கிறது, கையில் 60 திறந்திருக்கிறது என்றால் 12 வாரம். அதே 5 முடிக்கிற குழு 20-ஐ மட்டும் திறந்து வைத்திருந்தால் 4 வாரம். யாரும் வேகமாகத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, புதிதாக ஒன்றைத் தொடங்காமல் இருந்தால் போதும். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் 'இன்னும் தொடங்கவில்லை' என்று ஒரு துணைத் தலைவரிடம் சொல்கிற தைரியம் யாருக்கு இருக்கிறது? அதனால்தான் எல்லாவற்றையும் தொடங்கி வைத்துவிடுகிறோம். 'நடந்துகொண்டிருக்கிறது' என்று சொன்னால் அவர்களுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.

கேள்வி: அஜைல், லீன் இரண்டும் ஒன்றா? எங்கள் பயிற்சியில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்.
(புதிதாக வேலையில் சேர்ந்தவர்)

பதில்: பிறந்த இடம் வேறு, இப்போது ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி நான்கு வரி அறிக்கை ஒன்றை எழுதினார்கள், அப்புறம் அதோடு 12 கோட்பாடுகள். அந்த 17 பேரும் ஏற்கெனவே ஸ்க்ரம், எக்ஸ்ட்ரீம் ப்ரோகிராமிங் என்று தனித்தனியாக ஒவ்வொன்றைச் செய்துகொண்டிருந்தவர்கள். தங்களுக்குள் பொதுவாக எது இருக்கிறது என்று பார்த்ததில் வந்த பெயர்தான் அஜைல். சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள், சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்காகச் சொன்னது.

லீன் தொழிற்சாலையிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோவும் மற்றவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தெடுத்த உற்பத்தி முறை அது. அதற்கு 'லீன்' என்று பெயர் வைத்தவர் ஜான் கிராஃப்சிக் என்ற அமெரிக்க ஆய்வாளர், 1988-ல். மேரி பாப்பன்டீக், டாம் பாப்பன்டீக் தம்பதி 2003-ல் அதை சாஃப்ட்வேருக்குப் பொருத்தி எழுதினார்கள். தொழிற்சாலையில் கிடங்கில் தேங்குகிற பாதி முடிந்த பாகம் வீண் என்றால், சாஃப்ட்வேரில் எழுதிவிட்டு மெர்ஜ் செய்யாத (மற்றவர்கள் எழுதியதோடு சேர்க்காத) கோட், யாரும் பயன்படுத்தாத வசதி, பதிலுக்காகக் காத்திருக்கிற டிக்கெட், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போது தொலைகிற விவரம், இவையெல்லாம் வீண் என்று பட்டியல் போட்டார்கள். தொழிற்சாலையின் தேக்கம் கண்ணுக்குத் தெரியும், தடுக்கி விழலாம். நம்முடையது சர்வருக்குள் கிடப்பதால் யாரும் தடுக்கி விழுவதில்லை, அதுதான் பெரிய சிக்கல்.

டொயோட்டாவில் இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதாவது கோளாறு கண்ணில் பட்டால் சாதாரணத் தொழிலாளியே தலைக்கு மேலே இருக்கிற கயிற்றை இழுக்கலாம், உடனே வந்து பார்ப்பார்கள், தீரவில்லையென்றால் அந்த வரிசையே நிற்கும். நம் ஊழியர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கயிறு இருக்கிறது? பில்ட் (எல்லோரும் எழுதிய கோட்களைச் சேர்த்து ஓடுகிறதா என்று பார்ப்பது) உடைந்து மூன்று நாளாக சிவப்பாகவே இருக்கும், அதன் மேலேயே நாற்பது பேர் கோட் ஏற்றிக்கொண்டிருப்பார்கள், கேட்டால் 'அது எப்பவும் சிவப்புதான்' என்பார்கள்.

கேள்வி: எங்கள் ஸ்க்ரம் குழுவில் மூன்று கண்டங்களில் ஆட்கள். ஸ்டாண்ட்-அப் எனக்கு இரவு பத்து மணிக்கு. குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டே மியூட்டில் கேட்கிறேன். இது எப்போது மாறும்?
(டெவலப்பர், தாய்)

பதில்: நீங்கள் கேட்காத கேள்வியைத்தான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. இந்தக் குழுவை இப்படிப் பிரித்தது யார்? டெவலப்பர்கள் ஒரு நாட்டில், டெஸ்ட் செய்பவர்கள் இன்னொரு நாட்டில், எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கிற ப்ராடக்ட் ஓனர் மூன்றாவது நாட்டில் என்றுதான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். நேர வித்தியாசம் எட்டு ஒன்பது மணி நேரம் என்றால், ஒரு சின்ன சந்தேகத்துக்குப் பதில் வர ஒரு நாள். பதிலில் இன்னொரு சந்தேகம் வந்தால் அடுத்த நாள். இரண்டு நிமிடப் பேச்சு வாரக்கணக்கில் நீள்கிறது. இதை ஈடுகட்டத்தான் உங்கள் தூக்கத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

மெல்வின் கான்வே 1968-ல் ஒன்று சொன்னார்: ஒரு நிறுவனம் வடிவமைக்கிற அமைப்பு, அந்த நிறுவனத்துக்குள் யார் யாருடன் பேசுகிறார்கள் என்பதன் நகலாகத்தான் இருக்கும். பன்னாட்டு நிறுவனங்களில் இது அப்படியே பலிக்கும். ஒரு நாட்டுக் குழு திரை, இன்னொரு நாட்டுக் குழு சர்வர், மூன்றாவது நாட்டுக் குழு டேட்டாபேஸ் என்று இருந்தால், வாடிக்கையாளருக்கு வேண்டிய எந்த மாற்றமும் மூன்று நாட்டையும் சுற்றிவிட்டுத்தான் வரும். ஒரே நேர வலயத்தில், அல்லது பகலில் குறைந்தது நான்கு மணி நேரமாவது ஒன்றாக இருக்கிற இரண்டு வலயங்களில், ஒரு முழு வசதியை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை செய்யக்கூடிய ஆட்களை ஒரு குழுவாக வையுங்கள். டெஸ்ட் செய்பவரும், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரும் அதே குழுவில் இருக்கவேண்டும். ஃபீச்சர் டீம் என்று இதற்குப் பெயர். நாடுகளுக்கு இடையே குழுக்கள் பிரிந்திருக்கலாம், ஒரு குழுவே நாடுகளுக்கு இடையே பிரியக்கூடாது.

இது மேலே இருப்பவர்கள் செய்யவேண்டியது, உங்கள் கையில் இல்லை என்று தெரியும். அதுவரை செய்யக்கூடியது: இரவு நேர அழைப்பு மாதம் ஒருமுறை இடம் மாறட்டும், இந்த மாதம் உங்களுக்கு இரவு பத்து என்றால் அடுத்த மாதம் அவர்களுக்கு. இதை நான் பார்த்த இடத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. தலைமையகத்துக்காரர்களுக்கு முதல்முறை இரவு பத்து மணி வந்த மறுவாரமே, 'இதை எழுதியே அனுப்பிவிடலாமே, தினமும் பேசத்தான் வேண்டுமா' என்று அவர்களுக்கே தோன்றிவிட்டது. இன்னொன்று, அமெரிக்காவும் ஐரோப்பாவும் கடிகாரத்தை மாற்றுவது வேறு வேறு ஞாயிற்றுக்கிழமைகளில். வருடத்தில் சில வாரங்கள் உங்கள் அழைப்பு நேரம் யாருக்கோ ஒரு மணி நேரம் தவறாகத்தான் இருக்கும், அந்த வாரங்களில் யாரையும் 'ஏன் வரவில்லை' என்று திட்டாதீர்கள்.

தூரத்தில் இருந்தாலும் முடியும் என்பதற்கு எச்பி லேசர்ஜெட் பிரிண்டர்களின் ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள்ளேயே ஓடும் சாஃப்ட்வேர்) குழு நல்ல உதாரணம். அமெரிக்கா, பிரேசில், இந்தியா என்று பிரிந்திருந்த ஏறத்தாழ 400 டெவலப்பர்கள். பழைய கோட்-ஐ ஒவ்வொரு பிரிண்டர் மாடலுக்கும் நகலெடுத்துத் தனித்தனி பிராஞ்சில் பராமரிப்பதிலும், கையால் டெஸ்ட் செய்வதிலும், திட்டம் போடுவதிலுமே அவர்கள் நேரம் போய்க்கொண்டிருந்தது. புதிய வசதிகளுக்கு மிஞ்சியது 5 சதவீதம். கேரி க்ரூவரும் உடன் இருந்தவர்களும் 2008 வாக்கில் ஆரம்பித்த மாற்றத்தில், எல்லா மாடலுக்கும் ஒரே கோட் தளம், எல்லோரும் அதிலேயே தினமும் சேர்ப்பது, மெய்யான பிரிண்டர் இல்லாமலே ஓடக்கூடிய தானியங்கி டெஸ்ட்கள் என்று கொண்டுவந்தார்கள். சில வருடத்தில் அந்த 5 சதவீதம் 40 ஆனது. கவனியுங்கள், அவர்கள் ஸ்டாண்ட்-அப்பில் ஆரம்பிக்கவில்லை, பில்டில் ஆரம்பித்தார்கள். உன் கோட் சரியா என்று மெஷினே ஒரு சில மணி நேரத்தில் சொல்லிவிட்டால், இன்னொரு நாட்டுக்காரர் எழுந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: எல்லோரும் நூறு சதவீதம் வேலையில் இருக்கவேண்டும், அதுதானே சிக்கனம்? லீன் என்பதே அதுதானே?
(டெலிவரி தலைவர்)

பதில்: இல்லை சார். ஒரு சாலை நூறு சதவீதம் வண்டிகளால் நிரம்பியிருந்தால் அதைச் சிக்கனம் என்றா சொல்வோம்?

வரிசைக் கணிதத்தில் மிக எளிய மாதிரி ஒன்று. ஒரே ஆள், வேலைகள் எப்போது வரும் என்று சொல்லமுடியாது, எவ்வளவு நேரம் எடுக்கும் என்றும் சொல்லமுடியாது. அவர் 50 சதவீதம் வேலையில் இருந்தால் கையிலும் வரிசையிலுமாக சராசரி 1 வேலை. 80 சதவீதம் என்றால் 4. 90 என்றால் 9. 95 என்றால் 19. 80-லிருந்து 95-க்கு ஏற்றினால் ஆளிடமிருந்து கிடைக்கிற கூடுதல் உழைப்பு கொஞ்சம், வரிசை நீள்வது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. மெய்யான குழு இந்த மாதிரியைவிடச் சிக்கலானது, ஆனால் வளைவு இதே மாதிரிதான் திடீரென்று மேலே ஏறும்.

இதோடு, ஒரே டெவலப்பரை நான்கு ப்ராஜெக்ட்டுக்கு 25 சதவீதம் வீதம் பிரித்துக் கொடுக்கிற எக்ஸெல் ஷீட் உங்களிடமும் இருக்கும். காகிதத்தில் கூட்டினால் 100 வரும். மனித மூளை அப்படிக் கூட்டல் கணக்கில் ஓடுவதில்லை, ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே போய்விடும். லீன் பார்ப்பது ஆள் சும்மா இருக்கிறாரா என்பதை அல்ல, வேலை சும்மா கிடக்கிறதா என்பதை. ரிலே ஓட்டத்தில் கைமாறுகிற கோலைத்தான் பார்க்கவேண்டும், நிற்கிற ஓட்டக்காரர்களை எண்ணி 'மூன்று பேர் சும்மா நிற்கிறார்கள்' என்று கவலைப்பட்டால் எப்படி?

கேள்வி: எங்கள் வெலாசிட்டி (ஒரு ஸ்பிரிண்டில் முடித்த வேலைகளின் மொத்த பாயிண்ட்) 34. பக்கத்துக் குழு 61. மேனேஜர் எங்களைத் திட்டுகிறார்.
(நொந்துபோன ஸ்க்ரம் மாஸ்டர்)

பதில்: அடுத்த ஸ்பிரிண்டில் எல்லா டிக்கெட்டுக்கும் பாயிண்டை இரட்டிப்பாக்குங்கள், 68 வரும், நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஒப்பிட ஆரம்பித்த எல்லா இடத்திலும் கடைசியில் நடப்பது இதுதான். ஸ்டோரி பாயிண்ட் என்பது ஒரு வேலை எவ்வளவு பெரிது என்று ஒரு குழு போட்டுக்கொள்கிற சொந்த அளவுகோல், உங்கள் முழமும் அவர்கள் முழமும் ஒன்றல்ல. அந்த 17 பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரிஸ், ஸ்டோரி பாயிண்டைக் கண்டுபிடித்தது நானாக இருக்கலாம், அப்படியென்றால் அதற்காக இப்போது வருந்துகிறேன் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். மேனேஜருக்கு எண் வேண்டுமென்றால், கேட்ட நாளிலிருந்து வாடிக்கையாளர் கைக்குப் போக எத்தனை நாள், போனவற்றில் எத்தனை கோளாறாகித் திரும்பின, இந்த இரண்டையும் கொடுங்கள். அவற்றையும் பக்கத்துக் குழுவோடு ஒப்பிடாமல், உங்களுடைய போன காலாண்டோடு.

கேள்வி: ஒரு படி முழுதாக முடிந்தபிறகே அடுத்த படி என்று போகும் வாட்டர்ஃபால் முறையைக் கண்டுபிடித்தவர் யார்?
(மாணவி)

பதில்: வழக்கமாகச் சொல்லப்படும் பெயர் வின்ஸ்டன் ராய்ஸ், 1970-ல் எழுதிய ஒரு கட்டுரைக்காக. அதில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிகளை வரைந்து காட்டியிருந்தார். 'வாட்டர்ஃபால்' என்ற சொல் அதில் கிடையாது. படத்துக்குக் கீழேயே, இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியில் முடியும் என்று எச்சரித்து, திரும்பச் செய்யும் வழிகளைப் பற்றித்தான் மீதிக் கட்டுரையை எழுதினார். படத்தைப் பார்த்தவர்கள் கீழே படிக்கவில்லை.

கேள்வி: பெரிய நிறுவனங்களுக்கான அஜைல் முறைகள் என்கிற சேஃப், லெஸ், ஸ்பாட்டிஃபை மாடல், இவற்றில் எதை வாங்குவது? மூன்று ஆலோசனை நிறுவனங்கள் வாசலில் நிற்கின்றன.
(மாற்றப் பிரிவில் இருப்பவர்)

பதில்: 'வாங்குவது' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேயே எனக்குக் கொஞ்சம் கவலை.

டீன் லெஃபிங்வெல் 2011-ல் கொண்டுவந்தது சேஃப். பெரிய நிறுவனங்களுக்குப் பிடித்துப்போகக் காரணம், இப்போது இருக்கிற பதவிகள் எல்லாவற்றுக்கும் புதுப் பெயரில் ஒரு நாற்காலி அதில் இருக்கிறது. 50-லிருந்து 125 பேர்வரை ஒரு 'ரயில்', 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து திட்டமிடுவது. அந்தத் திட்டமிடல் நாளை நான் கேலி செய்யமாட்டேன். அன்றைக்குச் சுவரில் ஒரு பலகை வைத்து, எந்தக் குழுவின் வேலை எந்தக் குழுவை நம்பி நிற்கிறது என்று சிவப்பு நூல் கட்டுவார்கள். பல வருடம் ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள் அன்றைக்குத்தான் முதன்முதலில் நூல் குவியலைப் பார்த்து வாயடைத்து நிற்பார்கள். ஆனால் அடுத்த தடவை வந்தால் அதே நூல்கள் அப்படியே இருக்கும், அவற்றைக் கண்காணிக்க இரண்டு புதிய பதவிகள் மட்டும் முளைத்திருக்கும். நூலை எண்ணி முடித்ததும் கத்தரிக்கோல் எடுக்கவேண்டும், அதாவது குழுக்களை மாற்றி அமைத்து, கோட்-ஐப் பிரித்து, அந்தச் சார்பே இல்லாமல் செய்யவேண்டும். அதைச் செய்கிற நிறுவனத்துக்கு எந்தப் பெயர்ப்பலகை இருந்தாலும் கவலையில்லை.

க்ரேக் லார்மன், பாஸ் வோடே இருவரின் லெஸ் எதிர்ப்பக்கம் போகிறது: பல குழுக்கள், ஆனால் ஒரே ப்ராடக்ட் ஓனர், ஒரே பேக்லாக் (செய்யவேண்டியவற்றின் பட்டியல்), முடிந்தவரை பதவிகளைக் குறை. எனக்குத் தனிப்பட்ட முறையில் இதுதான் பிடிக்கும். நடைமுறைக்கு வரும்போது, பதவிகளைக் குறைக்கச் சொல்கிற முறையை அந்தப் பதவிகளில் இருப்பவர்களே தேர்ந்தெடுக்கவேண்டும் என்பதால் அதிகம் தேர்வாவதில்லை.

ஸ்பாட்டிஃபை மாடல் என்பது ஹென்ரிக் க்னிபெர்க், ஆண்டர்ஸ் இவர்சன் இருவரும் 2012-ல் எழுதிய ஒரு கட்டுரை. இது இப்போதைய நிலையின் ஒரு படம், பயணம் முடியவில்லை என்று அவர்களே அதில் எழுதியிருக்கிறார்கள். வேகமாக வளர்ந்துகொண்டிருந்த ஓர் இசை நிறுவனம் அந்த வருடம் எப்படி இருந்தது என்பதை, முப்பது வருடப் பழைய மெயின்ஃப்ரேம் கணினி வைத்திருக்கும் நிறுவனம் அப்படியே நகலெடுத்து, துறைக்கு 'ட்ரைப்' என்றும் குழுவுக்கு 'ஸ்க்வாட்' என்றும் பெயர் மாற்றினால் என்ன மாறும்? விசிட்டிங் கார்டு மாறும்.

என் பதில்: ஒன்றும் வாங்காமல் மூன்று மாதம், முதல் கேள்விக்குச் சொன்ன தேதித் தாளை நாலைந்து ப்ராடக்டுக்கு எழுதிப் பாருங்கள். அப்புறம் ஆலோசகர்களைக் கூப்பிட்டு, 'இந்த இடத்தில் ஆறு வாரம் நிற்கிறது, உங்கள் முறை இதற்கு என்ன செய்யும்' என்று கேளுங்கள். பதில் சொல்கிறவருக்கு வேலை கொடுங்கள்.

கேள்வி: நான் ப்ராஜெக்ட் மேனேஜர், பதினெட்டு வருட அனுபவம். அஜைல் வந்தால் என் வேலை போகுமா? நேராகச் சொல்லுங்கள்.

பதில்: நேராகவே சொல்கிறேன். யார் எதைச் செய்யவேண்டும் என்று பிரித்துக்கொடுப்பதும், எவ்வளவு முடிந்தது என்று கேட்டு மேலே அனுப்புவதும் மட்டுமே உங்கள் வேலை என்றால், அந்த வேலை சுருங்கும். அஜைல் பதவிக்கு மாறிக்கொண்டால் பாதுகாப்பு என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கி 2023 ஜனவரியில் தன் தொழில்நுட்பப் பிரிவில் அஜைல் பதவிகளையே தனியாக வைத்துக்கொள்வதில்லை என்று முடிவெடுத்து, 1,100-க்கும் மேற்பட்ட இடங்களை நீக்கியது. அந்த வேலைகளை என்ஜினியர்களும் ப்ராடக்ட் மேனேஜர்களும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள்.

ஆனால் பதினெட்டு வருடத்தில் நீங்கள் சேர்த்தது ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் மட்டுமா? எந்த ஒப்புதல் யார் மேஜையில் நிற்கும், எந்தத் துறையில் யாரிடம் பேசினால் நகரும், எந்த விதி உண்மையான விதி, எது ஒருகாலத்தில் யாரோ சொல்லிவிட்டுப் போனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நேற்று வந்த அஜைல் கோச்சுக்குத் தெரியாது. குழு எதில் முட்டி நிற்கிறதோ அதை நகர்த்துகிறவராக மாறினால் உங்களைத் தேடி வருவார்கள். ஒரே எச்சரிக்கை, தடையைத் தாண்டி டிக்கெட்டைக் கொண்டுபோவதில் கெட்டிக்காரர் ஆகிவிடாதீர்கள். தடையையே எடுங்கள். தாண்டத் தெரிந்த ஒருவர் இருக்கும்வரை அந்தத் தடையை யாரும் எடுக்கமாட்டார்கள், நீங்களும் விடுமுறையில் போகமுடியாது.

கேள்வி: எங்கள் துறையில் கட்டுப்பாடுகள் அதிகம், ஆடிட் உண்டு. அஜைலில் ஆவணமே கிடையாதாமே?

பதில்: யார் சொன்னது? முழுமையான ஆவணங்களைவிட ஓடுகிற சாஃப்ட்வேருக்கு மதிப்பு அதிகம் என்றுதான் அந்த 17 பேரின் அறிக்கை சொல்கிறது, ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்றும் அதே அறிக்கையில் இருக்கிறது. எழுதியவரைத் தவிர இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் கோட் உள்ளே போகும், எந்த டெஸ்ட் எப்போது ஓடியது, யார் ரிலீஸ் செய்தார் என்பதெல்லாம் சிஸ்டமே பதிவுசெய்யும் என்று வைத்தால், ஆடிட்டருக்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. கையால் நிரப்புகிற படிவத்தில் முந்தைய தடவையின் பதிலை ஒட்டிவிட்டுப் போவது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்தானே.

ஒப்புதல் குழுக்களைப் பற்றியும் ஒன்று. நிக்கோல் ஃபோர்ஸ்க்ரென், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் மூவரும் 2018-ல் தொகுத்து வெளியிட்ட ஆய்வில், குழுவுக்கு வெளியே இருக்கிற ஒருவரோ ஒரு வாரியமோ ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒப்புதல் தரும் இடங்களில் வேகம் குறைவாக இருந்தது, கோளாறு விகிதம் அதனால் குறைந்திருக்கவில்லை. பாதுகாப்புக்கு என்று வைத்தது பாதுகாப்பைத் தரவில்லை. சக ஊழியர் பார்ப்பது, அப்புறம் தானியங்கி சோதனை, இந்த வழிக்கு மாறலாமா என்று உங்கள் ஆடிட்டரிடமே போய்க் கேளுங்கள். நாம் நினைக்கிற அளவுக்கு அவர்கள் பிடிவாதக்காரர்கள் இல்லை, பல நேரம் விதியைக் கடுமையாக்கியது நம்முடைய ஆட்களாகவே இருக்கும்.

கேள்வி: பட்ஜெட் வருடத்துக்கு ஒருமுறை. டிசம்பருக்குள் அடுத்த வருடம் என்னென்ன செய்வோம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். இதில் எங்கே அஜைல்?

பதில்: இதுதான் கடைசிவரை உடையாத பூட்டு. ப்ராஜெக்ட்டுக்குப் பணம் கொடுத்தால், அது முடிந்ததும் ஆட்களைக் கலைத்துவிட்டு அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு மறுபடி சேர்ப்பார்கள், அந்தக் கோட் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார். குழுவுக்குப் பணம் கொடுங்கள், அந்தக் குழு ஒரு ப்ராடக்டை வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ளட்டும், எதைச் செய்வது என்பதைக் காலாண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். ஆள் எண்ணிக்கை நிலையாக இருப்பதால் நிதித் துறைக்குச் செலவுக் கணக்கு இன்னும் சுலபம்தான், இதை அவர்களிடம் அவர்கள் மொழியிலேயே சொல்ல ஆள் வேண்டும். வருடாந்திர பட்ஜெட்டே இல்லாமல் பெரிய நிறுவனம் நடக்குமா என்று கேட்டால், ஸ்வீடனின் ஹாண்டல்ஸ்பாங்கன் வங்கி 1970-களின் தொடக்கத்திலேயே அதைக் கைவிட்டுவிட்டது. வங்கியே கைவிட்டது என்பதை உங்கள் நிதித் தலைவர் காதில் போட்டு வையுங்கள்.

கேள்வி: ஒரே நாளில் எல்லோரையும் மாற்றுவதா, ஒவ்வொரு குழுவாகவா?

பதில்: சேல்ஸ்ஃபோர்ஸ் 2006 இறுதியில் தன் சாஃப்ட்வேர் குழுக்கள் முப்பதுக்கும் மேற்பட்டவற்றை மூன்றே மாதத்தில் மொத்தமாக மாற்றியது, நன்றாகவே நடந்தது. ஆனால் எல்லோரும் ஒரே ப்ராடக்டில் வேலை செய்தவர்கள், மேலிடம் முழுமையாகப் பின்னால் நின்றது, தானியங்கி டெஸ்ட்கள் முன்பே கணிசமாக இருந்தன. இந்த மூன்றில் உங்களிடம் எத்தனை? ஒன்றும் இல்லையென்றால் ஒரு ப்ராடக்டை மட்டும் எடுங்கள், ஆனால் அதை ஓரத்திலிருந்து எடுக்காதீர்கள், யாரும் கவலைப்படாத ஒரு சின்ன ப்ராடக்டில் ஜெயித்தால் 'அது சின்னதுதானே' என்பார்கள். கொஞ்சம் வலிக்கிற இடமாக எடுத்து, கேட்டதிலிருந்து ரிலீஸ்வரை, டேட்டாபேஸ் ஆள், செக்யூரிட்டி ஆள் உட்பட எல்லோரையும் அதில் போடுங்கள்.

கேள்வி: ஸ்டாண்ட்-அப்பில் உண்மையாகவே நிற்கவேண்டுமா? முழங்கால் வலி.

பதில்: உட்காருங்கள். 15 நிமிடத்தில் முடியவேண்டும் என்பதுதான் ஸ்க்ரம் வழிகாட்டியில் இருக்கிறது, நிற்கவேண்டும் என்று இல்லை. நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற அந்த மூன்று கேள்விகளைக்கூட 2020 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். நாற்பது நிமிடம் ஓடுகிற ஸ்டாண்ட்-அப் என்றால் மட்டும் ஒரு யோசனை: நீங்கள் உட்கார்ந்துகொண்டு, உங்கள் மேனேஜரை நிற்கவையுங்கள்.